நிலைபேறான உணவு முறைமை: கல்வியின் பங்கும் கூட்டுச் செயற்பாடும்

க.பொ.த (சாதாரண தரம்) – புவியியல், குடியியற் கல்வி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு



இப்பாடத்தை வகுப்பில் தொடங்கிய நாளில் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “சேர், வாய்க்காலில தண்ணி வராட்டி படிப்பு என்ன செய்யும்?” என்று கேட்டான். அவன் ஒரு வயற்காரர் வீட்டுப் பிள்ளை. சிலர் சிரித்தார்கள். ஆனால் இந்த அலகு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியுள்ளது. எனவே அதை மனதில் வைத்துக்கொண்டே இக்குறிப்பை வாசியுங்கள். இறுதியில் அதற்கு நீங்களே விடை எழுதக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

1. அறிந்திருக்க வேண்டிய எண்ணக்கருக்கள்

உணவு முறைமை: உணவு உற்பத்தி செய்யப்படுதல், சேமிக்கப்படுதல், பதப்படுத்தப்படுதல், கொண்டு செல்லப்படுதல், விற்கப்படுதல், உண்ணப்படுதல், எஞ்சியது கழிவாதல் ஆகிய எல்லாப் படிகளும் அவற்றில் ஈடுபடும் மக்களும் நிறுவனங்களும் சேர்ந்ததே உணவு முறைமை ஆகும். வயல் அதன் ஒரு பகுதி மாத்திரமே. ஆலை, லொறி, சந்தை, வீட்டுச் சமையலறை என்பனவும் அதற்குள் அடங்கும்.

நிலைபேறான தன்மை: எதிர்காலச் சந்ததியினர் தம் தேவைகளை நிறைவு செய்யும் ஆற்றலைப் பாதிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்தல். 1987 இல் வெளியான புருண்ட்லாந்து ஆணைக்குழு அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது.

நிலைபேறான உணவு முறைமைக்கு மூன்று தூண்கள் உண்டு.
(அ) பொருளாதாரம் – உற்பத்தி செய்பவருக்கு வருமானம் கிடைத்தல்.
(ஆ) சமூகம் – எல்லோருக்கும் போதிய, போசாக்கான உணவு கிடைத்தல்.
(இ) சூழல் – மண், நீர், உயிர்ப்பல்வகைமை என்பன அழியாதிருத்தல்.

உணவுப் பாதுகாப்பு: 1996 ஆம் ஆண்டு ரோம் நகரில் நடைபெற்ற உலக உணவு உச்சி மாநாட்டு வரைவிலக்கணத்திலிருந்து நான்கு அம்சங்கள் பெறப்படுகின்றன. அவை உணவு கிடைக்கத்தக்கதாயிருத்தல், அதைப் பெறக்கூடிய வசதி, உடல் அதைப் பயன்படுத்தல், இவை மூன்றும் எக்காலத்திலும் உறுதியாயிருத்தல் என்பனவாகும்.

2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 2 ஆவது இலக்கு பட்டினியை ஒழித்தல் ஆகும். 12 ஆவது இலக்கு பொறுப்புடன் நுகர்தலும் உற்பத்தி செய்தலும் ஆகும். இவ்விரண்டும் இப்பாடத்துடன் நேரடியாகத் தொடர்புடையவை.

2. கல்வி என்பதை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும்?

கல்வி என்றதும் பாடசாலையும் பரீட்சையும் மட்டும் நினைவுக்கு வரும். இங்கு கல்வி மூன்று வகைப்படும்.

• முறைசார் கல்வி – பாடசாலை, விவசாயப் பாடசாலைகள் (உதாரணம்: குண்டசாலை, வவுனியா), பல்கலைக்கழக விவசாய பீடங்கள் (உதாரணம்: பேராதனை, கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம்).
• முறையில் கல்வி – விவசாயப் போதனாசிரியர் கிராமத்தில் நடத்தும் பயிற்சி வகுப்பு, மாதிரித் துண்டச் செய்கை, வயல் விழா, வானொலி நிகழ்ச்சி.
• முறைசாராக் கல்வி – தாய் தந்தையரிடமும் அயலவரிடமும் வயலில் நின்று கற்பது. எந்த மண்ணில் எந்த நெல் நன்றாக விளையும், எக்காலத்தில் வெள்ளம் வரும் என்ற அறிவு இவ்வகையைச் சேர்ந்தது.

கூட்டுச் செயற்பாடு என்பது விவசாயிகள் தமக்குள்ளும், விவசாயிகள் அதிகாரிகளுடனும், ஆய்வாளர்களுடனும், நுகர்வோருடனும் பொது நோக்கம் ஒன்றுக்காகச் சேர்ந்து இயங்குதல் ஆகும். கல்வி இல்லாத கூட்டு வழி தெரியாமல் நிற்கும். கூட்டு இல்லாத கல்வி கொப்பியோடு நின்றுவிடும். இதனைப் பின்வரும் மூன்று விடய ஆய்வுகள் மூலம் பார்ப்போம்.

3. விடய ஆய்வு 1: கல்லோயா இடதுகரை (இலங்கை)

பின்னணி: சுதந்திரத்தின் பின் இலங்கையில் ஆரம்பிக்கப்பட்ட முதலாவது பாரிய பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம் கல்லோயாத் திட்டமாகும். இதற்கான சபை 1949 இல் அமைக்கப்பட்டது. இங்கினியாகலவில் அணை கட்டப்பட்டு சேனநாயக்க சமுத்திரம் உருவாக்கப்பட்டது. இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும், கீழ்ப்பகுதியில் தமிழ், முஸ்லிம் விவசாயிகளும் பயிர் செய்தனர். இப்பிரதேசத்தில் 1956 இல் இனக்கலவரமும் நிகழ்ந்தது. ஆகவே இங்கு நீர்ப் பிரச்சினை நீருடன் மட்டும் நின்றுவிடவில்லை.

பிரச்சினை: 1970களின் இறுதியில் வாய்க்கால்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து காணப்பட்டன. மேற்பகுதி விவசாயிகள் இரவு பகலாக நீரைத் தம் வயலுக்குத் திருப்பினர். அடுத்த முறை நீர் எப்போது வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததே இதற்குக் காரணம். நிச்சயமில்லாதபோது மனிதர் தேவைக்கு மேல் எடுத்து வைத்துக்கொள்வர். இதனால் கடைப்பகுதி வயல்களுக்குச் சிறுபோகத்தில் நீர் சென்றடையவில்லை. விவசாயிகள் அதிகாரிகளையும், அதிகாரிகள் விவசாயிகளையும் குறை கூறினர்.

மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கை: 1980 இல் ஐக்கிய அமெரிக்காவின் நிதியுதவியுடன் நீர் முகாமைத்துவத் திட்டம் ஒன்று ஆரம்பமாகியது. வாய்க்கால் திருத்தும் வேலையுடன் விவசாயிகளை ஒழுங்கமைக்கும் பணியும் சேர்க்கப்பட்டது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் அப்பணியைப் பொறுப்பேற்றன. 1981 இல் இளம் பட்டதாரிகள் பயிற்றப்பட்டு அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கிராமத்திலேயே தங்கினர். விவசாயிகளுக்கு விரிவுரை நிகழ்த்துவது அவர்களது வேலையாக இருக்கவில்லை. வீடு வீடாகச் சென்று பிரச்சினைகளைக் கேட்டனர். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறுபவர்களைச் சிறு குழுவாக ஒன்றுகூட்டினர்.

இங்கு பின்பற்றப்பட்ட வழிமுறைகளைக் கவனியுங்கள்.
(i) முதலில் வேலை, பின்னர் அமைப்பு. வாய்க்கால் துப்புரவு போன்ற சிறிய வேலையொன்றைச் சேர்ந்து செய்த பின்னரே சங்கம் பற்றிப் பேசப்பட்டது.
(ii) பிரதிநிதி வாக்கெடுப்பால் தெரிவு செய்யப்படாமல் எல்லோரின் உடன்பாட்டுடன் தெரிவு செய்யப்பட்டார். இதனால் தோற்ற அணி என்று ஒன்று உருவாகவில்லை.
(iii) வயல் வாய்க்கால் குழு, கிளை வாய்க்கால் அமைப்பு, பிரதேச மட்டம், திட்ட மட்டம் எனப் படிமுறையாக அமைப்பு வளர்ந்தது. கீழ் மட்டத்தில் தீர்க்க முடியாதது மேல் மட்டத்துக்குச் சென்றது.
(iv) விவசாயப் பிரதிநிதிகள் அதிகாரிகளுடன் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர்.

விளைவு: 1981 சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவாகவே இருந்தது. சண்டை வலுக்க வேண்டிய ஆண்டு அது. எனினும் சில வாரங்களுக்குள்ளேயே குழுக்கள் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தன. முறை வைத்து நீரைப் பங்கிட்டன. மீதப்படுத்திய நீரைக் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்தன. நீர்ப் பயன்பாட்டின் வினைத்திறன் பெரிதும் உயர்ந்தது. 1997 சிறுபோகத்தில் நெற்செய்கைக்கு நீர் போதாது என அதிகாரிகள் அறிவித்த வேளையிலும், விவசாயிகள் அமைப்புகள் கிடைத்த சிறிதளவு நீரைப் பங்கிட்டுப் பயிரிட்டு நல்ல விளைச்சல் பெற்றன. திட்டம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும், போர்க்காலத்திலும் அப்பழக்கம் நிலைத்திருந்தது என்பதே முக்கியம். நிலைபேறு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் காண்பது அரிது.

குறைபாடு: அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் வழங்கப்படவில்லை. பலர் ஆசிரியர் நியமனம் உட்பட வேறு தொழில்கள் கிடைத்ததும் விலகிச் சென்றனர். பயிற்றப்பட்டவர்களைத் தக்கவைக்காவிடின் பயிற்சிக்குச் செலவிட்ட முயற்சியில் ஒரு பகுதி வீணாகும். விடையில் இக்குறையையும் எழுதுங்கள்.

4. விடய ஆய்வு 2: வயற்பள்ளி (இந்தோனேசியா)

இந்தோனேசியாவில் நெல்லின் கபில நிறத் தத்தி 1970களிலும் 1980களின் நடுப்பகுதியிலும் பேரழிவை ஏற்படுத்தியது. விவசாயிகள் மேலும் மேலும் பூச்சிநாசினி தெளித்தனர். அரசும் மானியம் வழங்கியது. ஆனால் தத்தி குறையவில்லை, பெருகியது.

காரணம் இதுதான். தத்தி தன் முட்டைகளை நெற்பயிரின் இழையத்துக்குள் இடுகிறது. தெளிக்கப்படும் நஞ்சு வெளியில் உள்ள தத்தியையும், தத்தியை உண்ணும் சிலந்தி முதலிய இயற்கை எதிரிகளையும் கொல்கிறது. முட்டைகள் தப்பிவிடுகின்றன. அவை பொரிக்கும்போது அவற்றை உண்ண வயலில் எதிரிகள் இல்லை. ஆகவே மருந்தே பீடையை வளர்த்தது.

1986 இல் இந்தோனேசிய அரசு நெற்செய்கையில் 57 வகைப் பூச்சிநாசினிகளைத் தடை செய்தது. மானியமும் படிப்படியாக நீக்கப்பட்டது. அதோடு நின்றுவிடாமல் 1989 முதல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் விவசாயிகளுக்கான வயற்பள்ளிகள் ஆரம்பிக்கப்பட்டன. சுமார் 25 விவசாயிகள் ஒரு போகம் முழுவதும் வாரம் ஒரு முறை வயலில் கூடினர். பயிரையும் பூச்சிகளையும் எண்ணினர். பெரிய தாளில் வயலின் நிலையைப் படமாக வரைந்தனர். நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்வது எது எனக் குழுவாக விவாதித்தனர். அதன் பின்னரே மருந்து தேவையா இல்லையா என முடிவு செய்தனர்.

இங்கு ஆசிரியர் விடை சொல்பவர் அல்லர், வினாக் கேட்பவர். விவசாயி தன் கண்ணால் கண்டதையே நம்பினார். இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. இலங்கையிலும் 1990களில் விவசாயத் திணைக்களம் ஒன்றிணைந்த பீடை முகாமைத்துவத்துக்காக இதனைப் பயன்படுத்தியது.

5. விடய ஆய்வு 3: 2021 பசளைத் தடை (இலங்கை)

2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை, விவசாய இரசாயன இறக்குமதியை நிறுத்த அரசு தீர்மானித்தது. மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் வெளியாகியது. மக்களின் உடல்நலம், மண்ணின் வளம், அந்நியச் செலாவணிச் சேமிப்பு என்பன காரணங்களாகக் கூறப்பட்டன. இக்காரணங்கள் ஒவ்வொன்றும் சிந்திக்கத்தக்கவையே. ஆனால்:

• பெரும்போகத்துக்கு முன் நாடு முழுவதும் தேவையான அளவு சேதனப் பசளை ஆயத்தமாக இருக்கவில்லை.
• மாற்று முறைகளைக் கற்றுப் பழக விவசாயிகளுக்குக் காலம் வழங்கப்படவில்லை.
• விவசாய விஞ்ஞானிகளின் எச்சரிக்கைகள் போதியளவு கவனத்திற் கொள்ளப்படவில்லை.

விவசாயிகள் வீதியில் இறங்கிப் போராடினர். நவம்பர் 2021 இல் தடை தளர்த்தப்பட்டது. ஆனால் பெரும்போக விதைப்புக் காலம் ஏற்கனவே வந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் உற்பத்தி முன்னைய பெரும்போகத்துடன் ஒப்பிடுகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கால் வீழ்ச்சியடைந்தது. இத்துடன் அந்நியச் செலாவணி நெருக்கடியும் ரூபாயின் பெறுமதி வீழ்ச்சியும் சேர்ந்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அதாவது ஓராண்டுக்கு முன் 1000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்கு ஏறத்தாழ 1950 ரூபா செலுத்த வேண்டியிருந்தது. அந்நாட்களில் உங்கள் வீட்டில் எந்த வேளைச் சாப்பாடு குறைந்தது என்பதை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

கவனிக்க: சேதன விவசாயம் பிழையானது என்பது இதன் கருத்தன்று. எவ்வளவு நல்ல நோக்கமாயினும், கற்பித்தலும் கலந்துரையாடலும் இன்றி ஒரே போகத்தில் மாற்றத்தைத் திணித்தால், உற்பத்தியாளரும் நுகர்வோரும் பாதிக்கப்படுவர் என்பதே இதன் பாடம்.

6. மூன்றையும் ஒப்பிடுதல்

தொடக்கம்: கல்லோயாவில் கிராம மட்டத்திலிருந்து தொடங்கப்பட்டது. இந்தோனேசியாவில் அரசு தடை விதித்துப் பின்னர் வயலுக்குச் சென்றது. 2021 இல் தீர்மானம் மேலிருந்து வந்து அங்கேயே நின்றது.

கல்வி: முதல் இரண்டிலும் விவசாயி செய்து பார்த்துக் கற்றார். மூன்றாவதில் கற்கக் காலம் இருக்கவில்லை.

கூட்டு: முதல் இரண்டிலும் குழு இருந்தது. மூன்றாவதில் விவசாயி தனியே விடப்பட்டார்.

விளைவு: முதல் இரண்டிலும் குறைந்த உள்ளீட்டுடன் விளைச்சல் பேணப்பட்டது. மூன்றாவதில் விளைச்சல் வீழ்ந்தது.

இந்தோனேசியாவிலும் தடை மேலிருந்தே வந்தது என்பதைக் கவனியுங்கள். ஆகவே அரசு தீர்மானிப்பது தவறு என எழுதிவிடாதீர்கள். தீர்மானத்தைப் பின்தொடர்ந்து என்ன வந்தது என்பதே வேறுபாடு.

7. இலங்கையில் இன்றுள்ள ஏற்பாடுகள்

(1) 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாயிகள் அமைப்புகள் சட்ட அங்கீகாரம் பெறுகின்றன.
(2) போக ஆரம்பக் கூட்டம் – விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி, நெல்லின் வயது என்பன விவசாயிகளும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிக்கப்படுகின்றன. எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்தால் நீரும் மிச்சம், பீடைத் தாக்கமும் குறைவு.
(3) விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் – உதாரணம்: பத்தலகொட நெல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவகம்.
(4) இலை நிற அட்டவணை – நெல் இலையின் பச்சை நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டுத் தேவையான வேளையில் மட்டும் யூரியா இடும் எளிய முறை. அறிவு செலவைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று.

அறுவடைக்குப் பின்னும் இப்பாடம் தொடர்கிறது. இலங்கையில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மூடைகளில் திணித்து லொறியில் அடுக்குவது ஒரு முக்கிய காரணம். பிளாஸ்திக் கூடைகளில் கொண்டு சென்றால் இழப்புக் குறையும். ஆனால் கூடை வாங்கும் செலவு யாருடையது, வெறுங்கூடையைத் திருப்பி அனுப்புவது யார் என்பதை விவசாயியும் லொறிக்காரரும் வியாபாரியும் சேர்ந்துதான் தீர்மானிக்க முடியும்.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: நிலைபேறான உணவு முறைமையைக் கட்டியெழுப்புவதில் கல்வியும் கூட்டுச் செயற்பாடும் பெறும் முக்கியத்துவத்தை உதாரணங்களுடன் விளக்குக. (10 புள்ளிகள்)

விடை அமைப்பு:
• நிலைபேறான உணவு முறைமை – வரைவிலக்கணம் (2)
• கல்வியின் பங்கு: பீடை, பசளை, நீர் பற்றிய அறிவு செலவையும் சூழல் பாதிப்பையும் குறைத்தல் – வயற்பள்ளி உதாரணம் (3)
• கூட்டுச் செயற்பாட்டின் பங்கு: பொது வளத்தைப் பங்கிடல், பிணக்குகளைத் தீர்த்தல் – கல்லோயா உதாரணம் (3)
• இவை இல்லாதபோது ஏற்படும் விளைவு – 2021 அனுபவம் (1)
• முடிவு (1)

மாணவர்கள் வழமையாக விடும் பிழைகள்:
• “கல்வி மிக முக்கியமானது” என்று மூன்று விதமாக எழுதி மூன்று கருத்துக்கள் என நினைத்தல். அது ஒரு கருத்துத்தான். எவ்வாறு முக்கியம் என்பதற்கே புள்ளி.
• இடத்தின் பெயரும் ஆண்டும் இன்றி உதாரணம் எழுதுதல்.
• உணவு முறைமை என்றால் விவசாயம் மட்டும் என எண்ணிச் சந்தையையும் நுகர்வோரையும் விட்டுவிடுதல்.
• நிலைபேறான விவசாயமும் சேதன விவசாயமும் ஒன்றே எனக் கருதுதல்.

9. பயிற்சி வினாக்கள்

1. உணவுப் பாதுகாப்பின் நான்கு அம்சங்களைக் குறிப்பிடுக.
2. கல்லோயா இடதுகரையின் மேற்பகுதி விவசாயிகள் தேவைக்கு மேல் நீர் எடுத்தமைக்கான காரணத்தை விளக்குக.
3. பூச்சிநாசினி தெளிப்பதால் கபில நிறத் தத்தி பெருகியது ஏன்?
4. உமது பிரதேசத்தில் உள்ள விவசாயிகள் அமைப்பு ஒன்றைச் சந்தித்து, அது அண்மையில் எடுத்த தீர்மானம் ஒன்றையும் அதன் விளைவையும் எழுதுக.

நான்காம் வினாவைத் தட்டிக்கழிக்க வேண்டாம். “சோதனை பாஸ் பண்ணாவிட்டால் வயலுக்குத்தான் போகவேணும்” என்று எம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. வயலைத் தண்டனையாகக் காட்டி வளர்த்த பிள்ளைகள் வயலுக்குரிய அறிவைத் தேட மாட்டார்கள். 1981 இல் கல்லோயாக் கிராமங்களுக்குச் சென்றவர்கள் பட்டதாரிகள். அவர்கள் கற்றது வயலுக்குத் தேவைப்பட்டது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் படிப்பு மழையைக் கொண்டு வராது. ஆனால் தண்ணீர் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, யாருடன் பேசினால் அது கீழே வரும் என்பதை அறியச் செய்யும். மீதியை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் நீங்கள் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.